மாலைக்கு மேலே வானம்

ஷட்டர் இறங்கியிருக்கும் வரை உலகம்மை எத்தனை விமானங்களை வேண்டுமானாலும் சுட்டு வீழ்த்தலாம். ஷட்டர் ஏறிவிட்டால் டோக்கன் கொடுக்க வேண்டும். இது அவள் அண்ணன் ஆதித்தன் போட்ட சட்டம்.

கடை குற்றாலத்தில், பெரிய அருவிக்குப் போகும் பாதையில் இருந்தது. சீசனுக்கு மட்டும் வாடகைக்குப் பிடித்த கடை. 1985-ஆம் வருஷம் ஆனியில் சாரல் தொடங்கியதும் ஆதித்தன் கொச்சியில் பழையதாக வாங்கிய வீடியோ கேம் பெட்டிகளை லாரியில் ஏற்றி, செங்கோட்டை வழியாகக் கொண்டுவந்து இறக்கினான். நாலு பெட்டிகள். மூன்றைச் சீந்துவார் இல்லை. நாலாவது சண்டை விமானப் பெட்டி. கூட்டமெல்லாம் அதன் முன்னால்தான்.

ஆள் உயரப் பெட்டி. கண்ணாடிக்குள் நீல விமானம் ஒன்று, வெள்ளை விமானம் ஒன்று. ஆளுக்கொரு பிடி. இழுத்தால் மூக்கு மேலே போகும், தள்ளினால் கீழே. விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் விமானம் வானத்தில் ஒரு முழு வட்டம் போடும். இடது கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நெம்புகோல். சுட ஒரு சிவப்புப் பொத்தான். எதிராளியை முதலில் மூன்று தடவை வீழ்த்தியவர் ஜெயித்தார். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் வெள்ளை விமானத்தைப் பெட்டியே ஓட்டிக்கொள்ளும்.

ஜெயித்தவர் பெட்டியை விட்டு நகர வேண்டாம். தோற்றவர் புது டோக்கன் வாங்கி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அருவிக்கு வரிசையில் நின்று பழகிய கூட்டத்துக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. திருநெல்வேலி வக்கீலும் லாரி கிளீனரும் தலையில் ஈரத் துண்டோடு ஒருவர் பின்னால் ஒருவர் நிற்பார்கள். எல்லோர் கையிலும் தேய்த்துக் குளித்த எண்ணெய் மிச்சம் இருக்கும். பிடி வழுக்கும். உலகம்மை தினமும் காலையில் சீயக்காய்த் தூள் போட்டுத் துடைப்பாள்.

அவள் அந்த வருஷம்தான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தாள். வாய் பேசாதவள் என்று ஊரில் பேர். கேட்டால் பதில், அதுவும் தரையைப் பார்த்து. கல்லூரிச் செய்முறைத் தேர்வில் கருவிகளெல்லாம் அவள் சொன்னபடி கேட்டன. வந்திருந்த ஆசிரியர் கேள்வி கேட்டபோது தெரிந்த பதில் தொண்டையைத் தாண்டவில்லை. அதனால் கம்பி வலை போட்ட டோக்கன் கூண்டு அவளுக்கென்றே அடித்ததுபோல இருந்தது. கை மட்டும் வெளியே போனால் போதும்.

கடை திறந்த அன்று ஆதித்தன் பெட்டிகளுக்குப் பூஜை போட்டான். கண்ணாடி மேல் சந்தனம், குங்குமம், குறுக்கே ஒரு கதம்ப மாலை. விமானப் பெட்டியில் மாலை நாலு விரற்கடை கீழே இறங்கித் தொங்கியது. சாமிக்குப் போட்டது என்று யாரும் அதைத் தள்ளிப் பார்க்கவில்லை. விமானத்தின் மூக்கு பூவுக்குப் பின்னால் போனதும், உத்தரத்தில் தலை இடித்தவர்கள்போலப் பதறிக் கீழே தள்ளினார்கள். அவர்களைப் பொறுத்தமட்டில் வானம் மாலையோடு முடிந்துவிட்டது.

மாலை மாற்றுவது உலகம்மையின் வேலை. ஒருநாள் காலை, வாடியதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவதற்குமுன் பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு டோக்கன் போட்டாள். பிடியை இழுத்தாள். விமானம் போனது, போய்க்கொண்டே இருந்தது. மாலை மறைத்திருந்த இடத்தில் ஒரு கை அகலத்துக்கு வெறும் வானம். ஓரத்தில் வேகத்தைக் காட்டும் சின்ன எண்கள். ஏற ஏற எண் குறைந்தது. உச்சியில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆனது. விமானம் ஒரு நொடி தயங்கி, மூக்குக் கவிழ்ந்து, தானாகவே விழுந்தது. விழ விழ எண் பழையபடி ஏறியது.

மேலே எறிந்த கல், வேறொன்றுமில்லை. தனியாக நின்று சிரித்தாள்.

அதன்பிறகு கூண்டுக்குள்ளிருந்து பார்த்தபோது எல்லோரும் செய்கிற தப்பு பளிச்சென்று தெரிந்தது. ஒருவன் வாலைப் பிடிக்கத் துரத்துவான். மற்றவன் வட்டம் போட்டு ஓடுவான். இரண்டு பேருக்கும் முழு வேகம், ஒரே அளவு வட்டம். செக்கு மாடு ரெண்டு ஒன்றையொன்று துரத்தின கதை. எத்தனை சுற்று சுற்றினாலும் இவன் மூக்குக்கு அவன் வால் எட்டாது. பொறுமை இழந்தவன் பிடியை வெடுக்கென்று இழுப்பான், வேகம் செத்துப்போகும், அடி வாங்குவான்.

வட்டம் சிறுக்க வேண்டுமானால் வேகம் குறைய வேண்டும். வேகம் பாதியானால் வட்டம் கால்வாசி. ஆனால் நெம்புகோலைப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் போனது போனதுதான். மேலே ஏறிக் குறைத்தால் அது எங்கேயும் போவதில்லை. உயரமாக மாறிப் பத்திரமாக இருக்கும். உச்சியில் மெதுவாக ஒரு சின்னத் திருப்பம் திரும்பி, கீழே சுற்றிக்கொண்டிருப்பவன் முதுகில் விழுந்தால், விழுகிற நேரத்தில் போன வேகம் கைக்கு வந்துவிடும். சுடும்போது விமானத்தைப் பார்த்துச் சுடக்கூடாது, அது வரப்போகிற இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். வேகமாகப் பின்னால் வருகிறவனைக் கண்டு ஓடக்கூடாது. நெம்புகோலை முழுக்க இறக்கிவிட்டால் அவனே நம்மைத் தாண்டி முன்னால் போய்விடுவான்.

காலையில் ஷட்டருக்குப் பின்னால் இவ்வளவையும் கைக்குக் கொண்டுவந்தாள். பக்கத்தில் துண்டும் சோப்புப் பெட்டியும் விற்கிற ஜாஹிரா பீவி ஒருநாள் கேட்டாள்.

"எம்மா, காலங்காத்தால டுப்பு டுப்புன்னு சத்தம் கேக்கு. யாரைக் கொல்லுத?"

"பெட்டியைத்தான் அக்கா."

"கொல்லு. அண்ணனை மட்டும் விட்டுரு, வாடகை குடுக்கணும்லா."

அண்ணனையும் விடவில்லை. ஒரு காலை அவனை நிற்கவைத்து வரிசையாக மூன்று தடவை வீழ்த்தினாள். பெட்டி கோளாறு என்றான். மறுநாளும் வீழ்த்தினாள்.

"பி.எஸ்சி.ல இதையா சொல்லிக் குடுத்தாங்க?"

"இதையுந்தான்."

அவன் சிரித்த முகமாக இருந்ததால் கேட்டுவிட்டாள். "அண்ணே, கடை திறந்திருக்கப்போ ஒரு ஆட்டம் ஆடட்டா?"

"பைத்தியமாட்டி ஒனக்கு? சீசனுக்கு வாரவன் எவனெவனோ. நாளைக்கு ஒன்னப் பொண்ணு பாக்க வாரவன் இந்த வரிசையில நின்னா?"

"நின்னா தோத்துட்டுப் போவான்."

"அதுக்குத்தாம்ட்டி நானும் பயப்படுதேன்."

உலகம்மை பிறகு கேட்கவில்லை. ஆனால் ஆசை இறங்கவில்லை. அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். ஷட்டர் மேலே இருக்க வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும், தோற்றாலும் ஜெயித்தாலும் அங்கே தன் பேரில் ஆட வேண்டும். மூடிய கடைக்குள் ஜெயிப்பது நடந்ததாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு ராஜா இருந்தான். மேலகரம் அரிசி மில்காரர் மகன் சுந்தரபாண்டியன். புல்லட்டில் வருவான். சாரலிலும் கறுப்புக் கண்ணாடி. பைலட் என்றால்தான் கடைத்தெருவுக்குத் தெரியும். அவன் வித்தை பொறுமை. வட்டத்தை விட்டு இறங்கமாட்டான். எதிராளி எப்போது எரிச்சல்படுவான் என்று காத்திருந்து சுடுவான். அவனைத் தோற்கடிக்கவே டோக்கன் வாங்குகிற கூட்டம் இருந்ததால் ஆதித்தன் அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுப்பான்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அருவியில் வெள்ளம் என்று போலீஸ் குளிப்பதை நிறுத்திவிட்டது. குளிக்க வந்த கூட்டம் முழுக்கக் கடைத்தெருவில். வரிசை வாசல் தாண்டி, தகரக் கூரைக்கு வெளியே மழையில் நின்றது. பைலட் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தான். இராஜபாளையத்திலிருந்து வந்த ஒரு மில் கிளார்க் தோற்று, கூண்டுக்கு வந்து இன்னொரு டோக்கன் கேட்டார்.

"இந்த ஆளை என்னதான் செய்யது?" என்றார், பொதுவாக.

உலகம்மை டோக்கனைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். "மேல போங்க. மாலைக்கு மேல."

மெதுவாகத்தான் சொன்னாள். அவர் மெதுவான ஆள் இல்லை. "மாலைக்கு மேல போகச் சொல்லுதாங்கப்பா."

வரிசை சிரித்தது. பைலட் திரும்பிப் பார்த்தான். "யாரு சொன்னா?"

"டோக்கன் குடுக்க பிள்ள."

"தங்கச்சி, மாலைக்கு மேல சாமிதான் இருக்கு. போனா திரும்பி வர முடியாது." இன்னும் சிரிப்பு. "இது விமானம்மா. தோசையில்ல, நெனச்சவாக்குல திருப்பிப் போட."

சிரித்தவர்களில் ஆதித்தனும் இருந்தான். "அவளுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி. அவ இதத் தொட்டதே இல்ல."

அன்று காலையில்தான் அவள் அவனை மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தாள்.

மற்றவர்கள் சிரித்தது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அவர்களுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். கூண்டின் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"தொட்டிருக்கேன்" என்றாள். தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

பைலட்டுக்கு வேடிக்கையாக இருந்தது. "அப்படியா. வா தங்கச்சி, ஒரு ஆட்டம் பாப்போம்."

"ஏட்டி, உள்ள போ" என்றான் ஆதித்தன், பல்லைக் கடித்துக்கொண்டு.

வரிசை விலகி வழிவிட்டது. நின்றிருந்த அத்தனை பேரையும் தாண்டி, கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல அவளை முன்னால் விட்டார்கள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போனாள். பிடியில் எண்ணெய். தாவணி முனையால் துடைத்தாள். பிறகு கையை உயர்த்தி, மாலையை எடுத்துப் பெட்டியின் தலைமேல் வைத்தாள்.

"சாமி மாலைம்மா" என்றது ஒரு குரல்.

"நான்தான் தினமும் போடுதேன். கோவிச்சுக்கிடாது." பைலட்டைப் பார்க்காமல் சொன்னாள். "மேல எவ்வளவு எடம் இருக்குன்னு உங்களுக்கும் தெரியட்டும்."

அவள் டோக்கனைப் போட்டதும் பைலட்டின் வெள்ளை விமானம் வழக்கமான வட்டத்தைத் தொடங்கியது. அவள் நீலத்தில் ஒரு சுற்று பின்னாலேயே போனாள். இரண்டாவது சுற்றின் பாதியில் வட்டத்தை விட்டுவிட்டு நேராக ஏறினாள். அவள் ஓடிப்போவதாக நினைத்துப் பைலட் சுற்றிக்கொண்டே இருந்தான். உச்சியில் நீலம் சோம்பலாகத் திரும்பியது. வேக எண் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டு, பிடியைத் தள்ளினாள். கல் மாதிரி விழுந்து, வெள்ளையின் முதுகுக்குப் பின்னால் வந்து, அதற்கு ஒரு விமான நீளம் முன்னால் இருந்த வெறும் வானத்தைச் சுட்டாள். வெள்ளை தானே வந்து குண்டில் ஏறிக்கொண்டது.

கடையில் தகரத்தில் விழுகிற மழை மட்டும் கேட்டது.

அடுத்ததில் பைலட் கோபமாக வந்தான். முழு வேகத்தில் வாலைப் பிடித்தான். உலகம்மை ஓடவில்லை, நெம்புகோலை முழுக்க இறக்கினாள். வெள்ளை அவளைத் தாண்டி முன்னால் போய் அவள் மூக்குக்கு நேரே நின்றது. பொத்தானை அழுத்தியதுதான் வேலை.

மூன்றாவதில் அவன் அவளை வீழ்த்தினான். கை வழுக்கிவிட்டது. நாலாவதில் மறுபடியும் மேலே போய் விழுந்து முடித்தாள். மூன்றுக்கு ஒன்று.

"பிள்ள சாச்சுப்புட்டா" என்றாள் ஜாஹிரா பீவி வாசலிலிருந்து. அவள் தன் கடையை எப்போது விட்டு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

தோற்றவர் வரிசைக்குப் போக வேண்டும். பைலட் நகரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டான்.

"தங்கச்சிக்காக விட்டுக் குடுத்தது. இப்ப நெசமாவே ஆடுவோம். ஆதித்தா, டோக்கன்."

ஆதித்தன் ஓடிப்போய் எடுத்துவந்தான். வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. மழையில் நின்றவர்கள்கூட. உலகம்மை பிடியை விடவில்லை.

இந்தமுறை அவன் பழைய பைலட் இல்லை. நல்ல கை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். பார்த்ததை உடனே பிடித்துக்கொண்டான். அவளோடு சேர்ந்து ஏறினான், உச்சியில் திரும்பினான், விழுந்தான். இரண்டுக்கு இரண்டு வந்தது. கடைசியில் இரண்டு விமானங்களும் ஒன்றாக ஏறின. மேலே இருப்பவன் விழுவான், கீழே இருப்பவன் சாவான். ஓரத்தில் எண் குறைவதை உலகம்மை பார்த்தாள். போதும் என்று கணக்குச் சொன்னது. அவனுக்கு ஒரு விரல் உயரமாவது மேலே இருக்க வேண்டும் என்று கை சொன்னது. இழுத்தாள். நீலத்தின் மூக்கு செத்துக் கவிழ்ந்தது. வெள்ளை நிதானமாகத் திரும்பி வந்து சுட்டது.

கடை ஆரவாரித்தது. இரண்டாவது ஆட்டத்தின் ஆரவாரம் மட்டும் இல்லை. முதல் ஆட்டத்திலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சும் அதில் இருந்தது. எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதி. பைலட் தாராளமாகச் சிரித்தான்.

"நல்லாத்தான் ஆடுன தங்கச்சி. போதும். போய் டோக்கனைப் பாரு."

ஆதித்தன் கூண்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலும் கோபம் போயிருந்தது. இப்போது உள்ளே போனால் ஒன்றும் ஆகாது என்று உலகம்மைக்குப் புரிந்தது. யாரும் திட்டமாட்டார்கள். டோக்கன் கொடுக்கிற பிள்ளை ஒருநாள் வேடிக்கையாக ஆடியது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதோடு சரி.

கூண்டு வரை போனாள். பாவாடை முடிச்சிலிருந்து தன் காசை எடுத்துக் கல்லாவில் போட்டாள். ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டாள். அண்ணன் பிடித்திருந்த கதவைத் தாண்டி, வரிசை ஓரமாகவே நடந்தாள்.

"எங்கட்டி போற?"

"தோத்தவங்க கடைசிக்குத்தான போகணும்."

"அது அவங்களுக்கு."

"நானும் தோத்தேன்லா."

வக்கீல், கிளார்க், அப்பளம் மாதிரி நமுத்துப்போன சட்டையோடு நின்ற கல்லூரிப் பையன்கள், எல்லோரையும் தாண்டி, வாசலுக்கு வெளியே, தகரக் கூரையின் சொட்டுக்கு அடியில் போய் நின்றாள். முன்னால் நின்றவர் அவசரமாக ஒதுங்கினார்.

"நீங்க முன்னால போங்கம்மா. பொம்பளப் பிள்ள நனையலாமா."

"வேண்டாம் அண்ணாச்சி. உங்களுக்கு அப்புறந்தான் நான்."

உள்ளே அடுத்து ஆட வேண்டியவர் ஒரு லாரி டிரைவர். புனலூருக்குச் சுமை ஏற்றிப் போகிறவர். டோக்கனைப் போடாமல் விரலில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"போடுங்க டிரைவரே" என்றான் பைலட்.

"போடுதேன். ஆனா உங்க முறை எப்பமே முடிஞ்சு போச்சே. அந்தக் குட்டி ஜெயிச்சப்பமே நீங்க வரிசைக்குப் போயிருக்கணும்."

"அது சும்மா ஆடுனதுய்யா."

"சும்மாவா? டோக்கன் போட்டுத்தான ஆடினீங்க?"

யாரோ பின்னாலிருந்து, "பைலட்டு, எறங்குங்க. பெட்ரோல் தீந்துபோச்சு" என்றார்கள். சிரிப்பு இந்தமுறை வேறு பக்கம் போனது. பைலட் ஆதித்தனைப் பார்த்தான். ஆதித்தன் கல்லாவைப் பார்த்தான். மில்லில் வேலை இருக்கிறது, மழை விட்டதும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பைலட் இறங்கினான். மழையில் புல்லட் உதைக்கு உடனே கிளம்பவில்லை. உலகம்மை அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் முறை வேறு, தன் முறை வேறு.

ஆதித்தன் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"பிடிவாதம் பிடிக்காத. ஊர் பூராப் பாக்கு. உள்ள வா."

"என் முறை வந்ததும் ஆடிட்டு வாரேன்."

"அப்பா காதுக்குப் போவும்."

"போவட்டும். நான் தொட்டதே இல்லன்னு சொல்லாம இருந்தா, நானும் கூண்டுக்குள்ளயே இருந்திருப்பேன்."

ஆதித்தன் தலைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நாளைக்கு நீ கடைக்கு வரவேண்டாம்."

"வருவேன்."

"வந்து?"

"டோக்கன் குடுப்பேன். வாங்கவும் செய்வேன்."

உள்ளிருந்து யாரோ கம்பி வலையைக் காசால் தட்டினார்கள். "கடைக்காரரே, டோக்கன் உண்டா, இல்லையா?"

"இந்நேரம் யாருட்டி குடுப்பா அதை?"

"நீ குடு அண்ணே. ஒன் கடைதான."

மறுபடியும் தட்டினார்கள். ஆதித்தன் உள்ளே போனான். கூண்டுக்குள் குனிந்து நுழையும்போது தலையை இடித்துக்கொண்டான். ஜாஹிரா பீவி தன் கடைக்குப் போகிற வழியில், விற்கிற துண்டுகளில் ஒன்றை உதறி உலகம்மையின் தலையில் போட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே டிரைவரும் வக்கீலும் ஆடத் தொடங்கியிருந்தார்கள். மாலை இன்னும் பெட்டியின் தலைமேல்தான் இருந்தது. இரண்டு பேரும் மேலே ஏறி ஏறி, மூக்குக் கவிழ்ந்து, தேங்காய்போலத் தொப்பென்று விழுந்துகொண்டிருந்தார்கள். எங்கே நிறுத்துவது என்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. உலகம்மை எட்டி எட்டிப் பார்த்தாள். அடுத்தமுறை எண் எவ்வளவில் இருக்கும்போது பிடியைத் தள்ள வேண்டும் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள். வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

பின்னால் ஈரக் காலடிச் சத்தம் கேட்டது. அருவிப் பக்கமிருந்து வந்த நாலைந்து ஆண்கள், நடந்தது எதுவும் தெரியாதவர்கள். அதில் ஒருவன் வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பொதுவாகக் கேட்டான்.

"இதுல கடைசி ஆளு யாருங்க?"

உலகம்மை திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.